கம்ப்யூட்டர் படுத்தாலும் வேலை போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நின்றால் ஓடி வர ஒரு ஐடி ஆள் இருப்பார். வீட்டில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதுபவருக்கும், தெருமுனையில் டிடிபி சென்டர் நடத்துபவருக்கும், நாலு கடைக்கு டேலியில் கணக்குப் போடுபவருக்கும் அப்படி யாரும் இல்லை. இந்தப் பக்கம் அவர்களுக்கானது. பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் அதுதான் அதிகம்.

வேர்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. சேவ் செய்யவில்லை. திரும்பக் கிடைக்குமா?

முழுவதும் கிடைக்காவிட்டாலும் பெரும்பகுதி கிடைக்க வாய்ப்பு உண்டு. கரண்ட் வந்ததும் வேர்டைத் திறங்கள். இடது பக்கம் 'டாகுமென்ட் ரெகவரி' என்று ஒரு பட்டி வரும். அதில் இருப்பதைத் திறந்து, வேறு எதையும் தொடுவதற்கு முன் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். பதற்றத்தில் அந்தப் பட்டியைப் படிக்காமலே மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பட்டியே வரவில்லையென்றால் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாகுமென்ட், அதற்குள் 'ரெகவர் அன்சேவ்ட் டாகுமென்ட்ஸ்' என்று இருக்கும். ஒரு முறைகூடப் பெயர் கொடுத்து சேவ் செய்யாத ஃபைல்கள் அங்கே தங்கியிருக்கும். நிரந்தரமாக இருக்காது, அதனால் அன்றைக்கே பாருங்கள்.

வேர்ட் தானாக எடுத்து வைக்கும் இந்த நகலின் இடைவெளி, நாம் மாற்றாதவரை 10 நிமிடம். வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு 10 நிமிடம் என்பது ஒரு முழுப் பக்கம். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் அதை 1 நிமிடமாக்கிவிடுங்கள். லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இன்னொன்று: முதல் வரியை அடிப்பதற்கு முன்பே ஃபைலுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். பெயர் உள்ள ஃபைலைத் தேடுவது சுலபம். 'டாகுமென்ட்1' என்று நாலைந்து கிடந்தால் எது எதுவென்று நமக்கே தெரியாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். சிறியதாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யூபிஎஸ்' என்றும் மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'ஈகோ' என்றும் போட்டிருக்கும். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அதை நார்மலில் வைத்துவிட்டுப் போயிருப்பார். மின்விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் அது போதும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுகிற அந்தச் சின்ன இடைவெளியை ஃபேன் கண்டுகொள்ளாது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோ மின்சாரம் இல்லாமல் தாங்குவது ஏறக்குறைய 15, 20 மில்லிசெகண்ட்தான். அதற்குள் பேட்டரி கை கொடுக்காவிட்டால் ரீஸ்டார்ட்.

சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும். பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் வோல்டேஜின் அளவு குறுகிவிடும், சுமார் 180 முதல் 260 வோல்ட் வரை. சாயங்காலமானால் வோல்டேஜ் 160க்கு இறங்குகிற ஊர்களில், கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். உண்மையாகவே கரண்ட் போகிற நேரத்தில் பேட்டரி காலியாக இருக்கும். உங்கள் பகுதி அப்படிப்பட்டது என்றால் இன்வெர்ட்டரை நார்மலில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு 600 விஏ யூபிஎஸ் வாங்குவது நல்லது.

அந்த யூபிஎஸ் வேலையை முடிக்க அல்ல, சேவ் செய்துவிட்டு முறையாக ஷட்டவுன் செய்ய. பத்து நிமிடம் கொடுத்தாலே அது தன் கடமையைச் செய்துவிட்டது. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் பலம் இழக்கும். பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பி இருக்காதீர்கள். எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை நீங்களே பிளக் பாயின்ட்டின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரி மாற்ற வேண்டிய நேரம். லேசர் பிரின்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அது சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே?

கரண்ட் விஷயத்தில் கவலை இல்லை. ஆனால் லேப்டாப் கீழே விழும், காபி கொட்டும், பஸ்ஸில் தொலையும். டெஸ்க்டாப்புக்கு இந்த மூன்றும் நடப்பது அபூர்வம்.

முக்கியமானதை எல்லாம் 'டி' டிரைவில்தான் வைக்கிறேன். அது பத்திரம்தானே?

பாதிதான் பத்திரம். விண்டோஸ் கெட்டுப்போய் 'சி' டிரைவை அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போட்டால் 'டி'யில் உள்ளது தப்பிக்கும். அந்த அனுபவத்தில்தான் இந்தப் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியது. ஆனால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி, டி, இ எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிழித்த கோடுகள். டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். 'டி'யில் இருப்பதன் நகலை 'இ'யில் வைத்துவிட்டு பேக்கப் எடுத்துவிட்டதாக நினைப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நாள் உழைக்கும்? போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்று பல வருடங்களாகக் கணக்கு வெளியிட்டு வருகிறது. சமீப வருடங்களில் அது ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அவை ஏசி அறையில், ஆடாமல் அசையாமல், சீரான மின்சாரத்தில் ஓடும் டிஸ்க்குகள். உங்களிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அது போனால் உங்களுக்கு நூறு சதவீதம்.

சுழலும் பழைய வகை டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போகும். ஒரு ஃபோல்டரைத் திறக்க அரை நிமிடம் ஆகும். காப்பி செய்யும்போது நடுவில் நிற்கும். காதை வைத்துக் கேட்டால் 'டக்... டக்...' என்று சீரான இடைவெளியில் ஒரு தட்டல் வரும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் ஸ்கேன், டிஃப்ராக் என்று எதையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் மிச்சம் இருப்பதைக் கெடுக்கும். டிஸ்க் இன்னும் படிக்கிறது என்றால் முதலில் ஆய்வேடு, கணக்கு, சான்றிதழ்; கல்யாண வீடியோவெல்லாம் அப்புறம். பெரிய ஃபைலில் ஆரம்பித்துவிட்டு, சின்ன ஃபைலுக்கு வருவதற்குள் டிஸ்க் நின்றுபோவதுதான் வழக்கமாக நடப்பது. படிக்கவே இல்லையென்றால் அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

சுழலும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி வேறு மாதிரி. சத்தம் கிடையாது, பல நேரம் எச்சரிக்கையும் கிடையாது. நேற்று இரவு வேலை செய்தது, இன்று காலை பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) காட்டாது. தவிர, எஸ்எஸ்டியில் ஒரு ஃபைலை முழுதாக டெலீட் செய்தால், 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். பழைய டிஸ்க்கில் அழிந்ததை மீட்ட மென்பொருள்கள் இங்கே பெரும்பாலும் கையை விரிக்கும்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாக பேக்கப்?

டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை முதலில் செய்வது சிங்க்: இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. இங்கே டெலீட் செய்தால் அங்கேயும் டெலீட். இங்கே ஒரு அத்தியாயத்தைத் தவறுதலாக அழித்துவிட்டு சேவ் கொடுத்தால், அழிந்த வடிவம்தான் அங்கேயும் போய் உட்காரும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். வேர்ட், பிடிஎஃப் போன்ற ஃபைல்களின் பழைய வடிவங்களும் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' என்ற இடத்தில் 30 நாள் வரை கிடைக்கும். 31ஆம் நாள்தான் தவறைக் கவனித்தீர்கள் என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. போட்டோக்களால் அது நிரம்பிய நாளிலிருந்து புது ஃபைல் எதுவும் மேலே ஏறாது. மூலையில் ஒரு சின்ன அடையாளம் மட்டும் காட்டும். அதை யாரும் பார்ப்பதில்லை.

'கிளவுட்' என்றாலும் அதுவும் எங்கோ ஒரு கட்டிடம்தான். தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தகவல் மையம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி டிரைவ்' எரிந்து போனது: 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் வைத்திருக்கவில்லை. கோப்புகளைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைக்காமல் அங்கே வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பதுதான் இதில் கொடுமை.

டிரைவ் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வையுங்கள். அதுவே கடைசி நகலாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, எத்தனை நகல் வேண்டும்? எங்கே வைப்பது?

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றுவரை செல்லுபடியாகிறது. மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். வீட்டு அளவில் இதைச் செய்வது எளிது. வேலை செய்யும் பிரதி கம்ப்யூட்டரில். இரண்டாவது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது கூகுள் டிரைவில், அல்லது அக்கா வீட்டு பீரோவில் இருக்கும் இன்னொரு டிஸ்க்கில்.

விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வசதி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ஆன் செய்துவிட்டால், எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருக்கும்போது டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களில் மாறிய ஃபைல்களின் நகலை மணிக்கொரு முறை தானாகவே எடுக்கும். பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். தானாக நடப்பதுதான் முக்கியம். 'ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளலாம்' என்பது பொங்கல் வரை தள்ளிப்போகும்.

அதே நேரம் அந்த டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைக்காதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) பரவியபோது, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்வரை முடங்கின. அந்த வகைத் தீநிரல், கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கிலும் நுழைந்து ஃபைல்களைப் பூட்டும். கழற்றி அலமாரியில் வைத்ததை அது தொட முடியாது. வேலை செய்யும் நேரத்தில் மாட்டி, முடிந்ததும் கழற்றுவது ஒரு நடுவழி.

பென் டிரைவ் தூக்கிப் போகத்தான், சேமித்து வைக்க அல்ல. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிய பென் டிரைவை அப்படியே வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பேக்கப் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்திலேயே குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். எல்லோரும் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான் என்பேன்.

உலகம் முழுவதும் மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் நிறுவனம் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பரவாயில்லை, ஐந்து வழிகளில் நகல் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒன்றும் உருப்படியாக இல்லை. தினமும் நகல் எடுக்க வேண்டிய நிரல், டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல அது அனுப்பிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. கடைசியில் காப்பாற்றியது, விபத்துக்கு 6 மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறொரு சோதனைக்காகத் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த நகல். அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். இத்தனையையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

1998இல் அனிமேஷன் படம் எடுக்கும் பிக்ஸார் நிறுவனத்துக்கும் இதே கதை. 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் பெருமளவு அழிந்தன. பேக்கப்பும் பல நாளாகச் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதை அலுங்காமல் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அவ்வளவு பெரிய இடங்களிலேயே யாரும் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அதிலிருந்து ஏதாவது மூன்று ஃபைல்களைத் திறங்கள்: ஒன்று பழையது, ஒன்று நேற்றையது, ஒன்று அளவில் பெரியது. பெயரைப் பார்த்தால் போதாது, உள்ளே கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். டேலி என்றால் பேக்கப் ஃபைலை ஒரு காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, பேலன்ஸ் சரியாக வருகிறதா என்று பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் கம்பெனி டேட்டாவின் மேலேயே ரீஸ்டோர் கொடுத்துவிடாதீர்கள், புதியது அழிந்துவிடும்.

பத்து வருடத்துக்கு முந்தைய ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. விண்டோஸை மறுபடி போட்டபோது ஃபான்ட் போய்விட்டது, ஃபைல் அப்படியே இருக்கிறது. அதே ஃபான்ட்டைப் போட்டால் தமிழ் திரும்பி வரும். அதனால் டிடிபி வேலை செய்பவர்கள், ஃபைலோடு அதில் பயன்படுத்திய ஃபான்ட்களையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பேஜ்மேக்கரில் செய்த புத்தகம் என்றால் பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. எவ்வளவு நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. நேரம் கிடைக்கும்போது கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாகவும் மாற்றி வைத்தால், எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம், தேடவும் முடியும்.

லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. நான் எதற்கும் பூட்டுப் போடவில்லையே?

நீங்கள் போடவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே நுழைந்தபோது விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டியிருக்கும். புது லேப்டாப்களில் இது சகஜம். பயாஸ் மாறினாலோ மதர்போர்டைத் தொட்டாலோ சாவி கேட்கும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றபோது, பல அலுவலகங்களில் சரி செய்யத் தாமதமானதற்கு இந்தச் சாவியைத் தேடியதும் ஒரு காரணம்.

வேறொரு போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், சாதனத்தின் பெயருக்குக் கீழே சாவி இருக்கும். எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது. கடைக்காரர் அவருடையதைப் போட்டுக் கொடுத்திருப்பார். ஆகவே லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். சாவி இல்லையென்றால் எந்த மெக்கானிக்காலும் அந்த டிஸ்க்கைப் படிக்க முடியாது.

அப்டேட் போடலாமா, வேண்டாமா?

போட வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாகுமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துத் திருத்த வேண்டியதாயிற்று.

சர்வீஸ் கடையில் 'விண்டோஸ் போட்டுடலாம் சார்' என்கிறார்கள். கொடுக்கலாமா?

'டேட்டாவை எடுத்து வச்சிட்டு, எனக்குக் காட்டிட்டு அப்புறம் போடுங்க' என்று சொல்லுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எந்தெந்த ஃபோல்டர் என்றும் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் சி டிரைவுக்குள் இருப்பவை. நாம் வேலை செய்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாம் போய்விட்டது. நாளை காலை கொடுக்க வேண்டும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் கம்ப்யூட்டரை அணையுங்கள். கோபத்தில் பட்டனை அழுத்தி அழுத்தி ஆன் செய்து பார்ப்பதால் கெட்டதுதான் அதிகம். நாளை யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவருக்கு இப்போதே போன் செய்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குச் சொன்னால் ஒரு நாள் தருவார்கள். காலை பத்து மணிக்குச் சொன்னால் சாக்கு என்பார்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, எழுதியதில் நினைவிருக்கும் தலைப்புகளையும் வாதங்களையும் வரிசையாகக் குறியுங்கள். சூடு ஆறுவதற்குள் செய்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு வரும்.

அது முடிந்ததும் சிதறிக் கிடக்கும் பிரதிகளைத் தேடுங்கள். உங்களுக்கே தெரியாமல் நகல் பல இடத்தில் இருக்கும். ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சல்கள். கைடுக்கோ வாடிக்கையாளருக்கோ வாட்ஸப்பில் அனுப்பிய வரைவு. நண்பரிடம் பிழை பார்க்கக் கொடுத்தது. போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். போன வாரம் பிரின்ட் எடுத்திருந்தால், நீங்கள் மெயிலில் அனுப்பிய ஃபைல் அந்தப் பிரின்ட் கடையின் கம்ப்யூட்டரில் இன்னும் கிடக்கலாம். பல கடைகளில் இரவு கடை அடைக்கும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள், ஆகவே அங்கே முதலில் போன் போடுங்கள்.